தாத்தா பெட்டியக் காப்பாத்திக் குடுத்தவங்களுக்கு நன்றி

தூத்துக்குடி மக்களே, ஊருக்குள்ள வெள்ளம் வந்த அந்த டிசம்பர் ராத்திரிய பத்தி நான் ஒண்ணும் சொல்ல வேண்டாம், எல்லாரும் சேந்து பட்டதுதான். நம்ம கோவில் கதைய எங்க தாத்தா கைப்பட எழுதி பெட்டில வச்சிருந்த நோட்டெல்லாம் அதுல நனைஞ்சு போச்சு. அதுல கடைசிக் கட்டும் நல்லபடியா காஞ்சு நேத்து வீட்டுக்கு வந்துருச்சு, இந்த சந்தோசம் ஆறுறதுக்குள்ள எழுதிரணும்னு உக்காந்துட்டேன்.

முதல்ல அந்த கோல்டு ஸ்டோரேஜ் அண்ணாச்சிக்கு. நனைஞ்ச புக்குல ரெண்டு நாள்ல பூஞ்சை புடிச்சிரும், உறைய வச்சிட்டா அப்படியே நிக்கும், அப்புறம் ஒண்ணொண்ணா எடுத்து காய வச்சுக்கலாம்னு ஒரு லைப்ரரி சார் போன்ல சொன்னாரு. ஊரே கரண்ட் இல்லாம கெடக்கு, நான் எங்க போக? மீன் வைக்கிற ஒரு இடத்துல ஜெனரேட்டர் ஓடுதுன்னு கேள்விப்பட்டு வாசல்ல போய் நின்னேன். அண்ணாச்சிக்கு என்னைத் தெரியாது, நம்ம கோவில் பக்கமும் வந்தது கிடையாதாம். ஈரப் பொட்டலத்த பாத்தாரு, ஒண்ணுமே கேக்காம மீன் கூடை நாலஞ்ச இழுத்துப் போட்டு சோப்பு போட்டு கழுவி, ஒவ்வொண்ணா மூக்குகிட்ட வச்சு மோந்து பாத்துட்டு, "கவுச்சி தாளுல ஏறிரக் கூடாதுல்லா"ன்னு திரும்பவும் சுடுதண்ணி ஊத்துனாரு. ஒவ்வொரு நோட்டையும் தனித்தனி கவர்ல போட்டு, கூடை மேல மார்க்கர்ல "மாதா கோவில் புக்கு, யாரும் தொடாதிங்க"ன்னு எழுதி வச்சாரு பாருங்க, அங்கதான் எனக்கு அழுகை வந்துருச்சு. வாடகைன்னு பேச்செடுத்தேன், கோவப்பட்டுட்டாரு.

பெட்டியத் தலையில தூக்கி இடுப்பளவு தண்ணில நடந்த தெருப் பசங்க, மொட்டமாடி குடுத்த பக்கத்து வீட்டு அக்கா, வெள்ளைத்தாள் சொருகி சொருகி பக்கம் பிரிச்ச சிஸ்டர்ஸ், பழைய போட்டோவ மட்டும் உறைய வைக்காம நிழல்ல காய வச்சுக் குடுத்த ஸ்டூடியோ தம்பி, உங்க எல்லாருக்கும் கோடி நன்றி.

பழைய தாளுக்கா இவ்ளோ பாடுன்னு சிலர் கேட்டாங்க. பெரிய கோவில், அதான் நம்ம பனிமய மாதா கோவில், 1713 ஆகஸ்ட் 5ல அர்ச்சிச்சது, 1982ல பசிலிக்காங்கிற பட்டம் வாங்குனது, இதெல்லாம் யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. அவ்ளோ பழைய மாதா கோவில் இருக்கும்போது ஆயரோட தலைமைக் கோவிலா (கதீட்ரல்) சின்னக்கோவில்னு சொல்ற திரு இருதய ஆலயம் ஏன் ஆச்சுன்னு நம்ம பிள்ளைகள கேளுங்க, முழிக்கும். பெரிய கோவில் கோவா சாமியார்களோட பதுருவாதோ (போர்ச்சுகல் ராஜா ஆதரவுல கோவில நடத்துன முறை) பக்கம், சின்னக்கோவில் சேசு சபை பக்கம்னு இழுபறி ஓடி, சொந்தக்காரங்களே ரெண்டு கோவிலா பிரிஞ்சு நின்ன கதையெல்லாம் தாத்தா பெரியவங்ககிட்ட கேட்டுக் கேட்டு எழுதி வச்சது. 1923ல திருச்சில இருந்து பிரிஞ்சு நம்ம மறைமாவட்டம் வந்தப்போ, முத ஆயரா நம்ம கடக்கரை ஆளே ரோச் ஆண்டவர் வந்ததுல ஊருக்கு இருந்த பெருமையும் அந்த நோட்டுலதான் இருக்கு. மை கொஞ்சம் கரைஞ்சிருக்கு, ஆனா படிக்க முடியுது. மாதாவே காப்பாத்துனா.

ஜூலை 26 மாதா திருவிழா கொடியேத்தத்துக்குள்ள முழுசா ஸ்கேன் பண்ணி எல்லாருக்கும் ஃப்ரீயா குடுக்கப் போறேன், இது மாதாவுக்கு நான் வச்ச பொருத்தனை. உங்க வீட்டுலயும் நனைஞ்ச ஞானஸ்நான சீட்டோ கல்யாணப் போட்டோவோ இருந்தா வெயில்ல போடாதிங்க, அயன் பண்ணாதிங்க, ஒரு வார்த்த சொல்லுங்க, நானே வந்து வாங்கிட்டுப் போறேன்.