என் பெருவிரலிடம் கேட்டுவிட்டுக் கத்தி எடுத்தவர்களுக்கு

அன்பான உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன வெள்ளிக்கிழமை ஒரு காற்சட்டையின் கீழ்மடிப்பை அவிழ்த்து, மூன்று சென்ரிமீற்றர் உயர்த்தி, கையாலேயே தைத்து முடித்தேன். மூளையில் செய்த சத்திரசிகிச்சைக்குப் பிறகு இயந்திரத்தின் உதவி இல்லாமல் நான் முழுதாகத் தைத்த முதல் உருப்படி அது. ஊசி ஒரு தடவைகூட விழவில்லை. காற்சட்டையை மடித்து வைத்த கையோடு இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்துவிட்டேன். ஐந்து மாதமாக மனதுக்குள் எழுதிக்கொண்டிருந்த கடிதம்.

பேர்லினில் இருபத்திரண்டு வருடங்களாக உடுப்புத் திருத்தித் தைக்கிற கடையில் வேலை செய்கிறேன். என் வலது கையின் பெருவிரல்தான் எங்கள் வீட்டின் சம்பளக்காரர் என்று என் மகள் சொல்லுவாள். அந்த விரல் போன வருடம் தன்பாட்டில் உள்ளே மடங்கித் துடிக்கத் தொடங்கியது. அரை நிமிடம் துடிக்கும், பிறகு நின்றுவிடும். முதலில் பார்த்த இடத்தில் மணிக்கட்டு நரம்பு நெரிபடுகிறது என்று சொல்லிக் கட்டுப் போட்டுவிட்டார்கள். இரண்டு மாதம் அந்தக் கட்டோடு திரிந்தேன்.

எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் இருக்கும் குடும்ப வைத்திய அம்மா, என் முதல் நன்றி உங்களுக்கு. மற்றவர்கள் கையைப் பார்த்தபோது நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள்: “துடிப்பு விரலோடு நிற்கிறதா, மேலே ஏறுகிறதா?” ஒரு நாள் அது மணிக்கட்டுக்கு ஏறி, முழங்கைக்கு ஏறி, வாயின் ஓரத்தையும் இழுத்தது. அதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. உங்களிடம் சொன்னதும் பேனையைக் கீழே வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தீர்கள். கையில் தெரிகிற வலிப்பு மூளையில் தொடங்குகிறது என்று அன்றுதான் அறிந்தேன்.

எம்.ஆர்.ஐ. ஸ்கானில் மூளையின் இடது பக்கத்தில் கட்டி தெரிந்தது. மெல்ல வளர்கிற வகை. இருந்த இடம்தான் பொல்லாத இடம். வலது கையை ஆட்டுவிக்கிற மடிப்போடு ஒட்டிக்கொண்டு இருந்தது. எடுத்தால் கை போய்விடுமோ, விட்டால் அது வளர்ந்து கையையும் ஆளையும் கொண்டு போய்விடுமோ என்று நான்கு இரவு உறக்கம் இல்லை.

சத்திரசிகிச்சை நிபுணர் அம்மா, நீங்கள் ஸ்கான் படத்தைத் திருப்பி என் பக்கமாக வைத்துச் சொன்னதை என் அக்காவின் மகன் அங்கேயே தமிழில் சொன்னான். அதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். “படத்தைப் பார்த்து உங்கள் கை எந்த மடிப்பில் இருக்கிறது என்று என்னால் ஊகிக்க முடியும். ஆனால் கட்டி மடிப்புகளைத் தள்ளிவிட்டிருக்கிறது. ஊகத்தை நம்பிக் கத்தி எடுக்க எனக்கு மனம் இல்லை. உங்கள் கையிடமே கேட்போம்.” அந்தக் கடைசி வசனத்துக்காகவே தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும்.

கேட்ட விதத்தை நம்மவர்களுக்காகக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். எனக்கு இதைப் பற்றித் தமிழில் சொல்ல அன்றைக்கு வேறு ஒருவரும் இருக்கவில்லை.

சத்திரசிகிச்சைக்கு நான்கு நாள் முன்பு ஒரு சாய்கதிரையில் இருத்தினார்கள். பெருவிரலின் அடிச்சதை, சின்னவிரல் பக்கம், முன்கை, மேல்கை, முழந்தாளுக்குக் கீழ், பாதம் என்று ஒவ்வொரு இடத்திலும் சிறிய ஒட்டுகளை ஒட்டினார்கள். சதை அசைந்தால் அதில் எழுகிற மின்னோட்டம் திரையில் கோடாக விழும். நெற்றியில் சிறு உருண்டைகள் வைத்த ஒரு பட்டி. எதிரே ஒரு கமரா. பேனை போன்ற ஒரு கருவியால் மூக்கின் அடியையும் காதின் முன்பக்கத்தையும் தொட்டு, என் தலையையும் என் ஸ்கான் படத்தையும் ஒன்றோடொன்று பொருத்தினார்கள். அதன்பிறகு நான் தலையைத் திருப்பினால் திரையில் இருந்த மூளையும் திரும்பியது.

பிறகு எட்டு என்ற இலக்கத்தின் வடிவில் இருந்த ஒரு காந்தச் சுருளைத் தலையில் வைத்தார்கள். சுருளில் ஒரு கணத்துக்கு மட்டும் பெரிய மின்னோட்டம் பாயும், அதனால் எழும் காந்தப்புலம் மண்டையோட்டை நோகாமல் கடந்து இரண்டு மூன்று சென்ரிமீற்றர் உள்ளே போய், அங்கே இருக்கும் நரம்பணுக்களைத் தட்டும். ‘டக்’ என்று ஒரு சத்தம். அதற்காகக் காதில் பஞ்சு. தலைத்தோலில் விரலால் சுண்டியது போல இருந்தது, அவ்வளவுதான். வலிப்பு வந்தவளுக்கு இது வலிப்பைக் கிளப்பாதா என்று கேட்டேன். சில விநாடிகள் இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகத்தான் தட்டுவோம், வேகமாக அடுக்கடுக்காகத் தட்டுவதில்லை என்று பொறுமையாகச் சொன்னார்கள். வலிப்பு மருந்தையும் நிறுத்தாமல் எடுக்கச் சொன்னார்கள். உடம்புக்குள் உலோகமோ இதயத்துக்கான மின்கருவியோ இருக்கிறதா என்று மூன்று தடவை கேட்டார்கள்.

சுருளைப் பிடித்திருந்த தம்பி, உங்களுக்கு நான் எப்படி நன்றி சொல்வது? ஒன்றரை மணி நேரம் கை நடுங்காமல் நின்றீர்கள். முதலில் என் கை இறுகி இருந்தது. சதை இறுகினால் திரையில் கோடு இரைச்சலாக இருக்கும், தட்டியதற்கு வந்த பதிலைப் பிரித்துப் பார்க்க முடியாது. மூன்று தடவை “தளர்த்துங்கள்” என்றீர்கள். பயத்தில் இருப்பவளுக்குச் சொல்லால் கை தளராது. நீங்கள் போய்ச் சுடுநீரில் நனைத்துப் பிழிந்த ஒரு துவாயைக் கொண்டுவந்து என் கையைச் சுற்றி வைத்தீர்கள். என் அம்மா காய்ச்சல் நேரத்தில் செய்வது போல. கை தளர்ந்தது, கோடு நேராகப் படுத்தது.

அடுத்த ‘டக்’ சத்தத்தில் என் பெருவிரல் எழும்பியது.

நான் எழுப்பவில்லை. இத்தனை மாதமாக என்னைப் பயமுறுத்திய அதே அசைவு. ஆனால் இந்த முறை அதை அழைத்தவர் ஒருவர் இருந்தார், அழைத்த இடம் திரையில் ஒரு புள்ளியாக இருந்தது. அழுதுவிட்டேன். அதற்காகவும் பொறுத்து நின்றீர்கள்.

முதலில் என் அளவைத் தேடினார்கள். பத்துத் தடவை தட்டினால் ஐந்து தடவையாவது 50 மைக்றோவோல்ட் என்ற மிகச் சிறிய மின் அளவுக்குச் சதை பதில் சொல்ல வேண்டும். அதற்குத் தேவையான மிகக் குறைந்த வலு எது என்று பார்ப்பது. அது ஆளுக்கு ஆள் வேறுபடும். பிறகு அதற்குச் சற்று மேலே வைத்துக்கொண்டு, கட்டியைச் சுற்றி மில்லிமீற்றர் மில்லிமீற்றராக நகர்ந்தார்கள். பதில் வந்த இடங்களுக்கு நிறம், வராத இடங்களுக்குச் சாம்பல் நிறம். காலுக்கு வலுவைக் கூட்ட வேண்டியிருந்தது. காலுக்கான இடம் மூளையின் இரண்டு பாதிக்கும் நடுவிலுள்ள இடுக்கில் ஆழமாக இருக்கிறதாம். முடிவில் என் பெருவிரல், படத்தைப் பார்த்து ஊகித்த இடத்தில் இருக்கவில்லை. கிட்டத்தட்ட ஒரு சென்ரிமீற்றர் பின்னால் தள்ளப்பட்டிருந்தது. தையல் செய்பவளுக்கு ஒரு சென்ரிமீற்றர் என்றால் என்னவென்று தெரியும்.

என் அக்காவின் மகனே, மருத்துவம் படிக்கிற பிள்ளையே, பரீட்சையை வைத்துக்கொண்டு என்னோடு அலைந்தாய். டொச் (ஜேர்மன்) மொழியில் அவர்கள் சொன்ன நீண்ட சொற்களை ‘கையை ஆட்டுவிக்கிற இடம்’ என்று எனக்கு விளங்கும்படி ஆக்கித் தந்தாய். காத்திருந்த நேரங்களில் நீ சொன்ன கதைகளால்தான் இன்னும் சிலருக்கு நன்றி சொல்ல எனக்குத் தெரிந்தது. நான் வாழ்கிற இதே பேர்லினில் 1870இல் ஃபிரிட்ஷ், ஹிட்சிக் என்ற இருவர் நாய்களின் மூளையை மின்னால் தொட்டு, அசைவுக்கென்று ஒரு பகுதி இருப்பதைக் காட்டினார்கள் என்றாய். அந்த நாய்களையும் நினைத்துக்கொண்டேன். கனடாவின் மொன்றியலில் பென்ஃபீல்ட் என்ற மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர், விழித்திருந்த நோயாளிகளின் மூளையைத் தொட்டுத் தொட்டு, உடம்பின் எந்தப் பாகம் எங்கே என்று 1937இல் வெளியிட்டார். மண்டையைத் திறக்காமல் மின்னால் தட்டிப் பார்க்க 1980இல் லண்டனில் மெர்ட்டன், மோர்ட்டன் என்ற இருவர் வழி கண்டார்கள், ஆனால் அது நொந்தது. நோகாமல் காந்தத்தால் தட்டியவர்கள் 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அந்தனி பார்க்கரும் அவரோடு வேலை செய்தவர்களும். ஸ்கான் படத்தோடு காந்தத்தை இணைத்த ஒரு பின்லாந்துக் கருவிக்கு, சத்திரசிகிச்சைக்கு முன்பு அசைவுப் பகுதியைக் குறிப்பதற்கு, அமெரிக்காவில் 2009இல் அனுமதி கிடைத்தது. எனக்கும் அதற்கும் இடையில் எவ்வளவு குறுகிய காலம்! என் அம்மாவுக்கு இந்த நோய் வந்திருந்தால் இந்தக் கேள்வியை அவருடைய கையிடம் யாரும் கேட்டிருக்க முடியாது.

சத்திரசிகிச்சை அன்று அந்தப் புள்ளிகளும், அவற்றிலிருந்து கீழே இறங்கும் நரம்பு நார்களின் பாதையும் அறையின் திரையில் இருந்தன. ஆனால் படத்தை மட்டும் நம்பவில்லை. திறந்ததும் மூளை சற்று நகரும், ஆகவே நேரடியாகவும் மின்னால் தொட்டுச் சரிபார்த்தபடிதான் எடுத்தோம் என்று பிறகு சொன்னீர்கள், சத்திரசிகிச்சை நிபுணர் அம்மா. வரைபடம் வழி காட்டியது, தீர்ப்பைக் கை சொன்னது. பெருவிரல் புள்ளிகளோடு ஒட்டியிருந்த ஒரு சிறு துண்டை விட்டுவைத்தீர்கள். அதை என்னிடம் மறைக்காமல் சொன்னதற்கு நன்றி. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஸ்கான் எடுக்கிறேன். பயம் முழுதாகப் போகவில்லை. என்றாலும் எதை எடுத்தீர்கள், எதை ஏன் விட்டீர்கள் என்று தெரிந்துகொண்டு பயப்படுவது எனக்குச் சுமக்கக்கூடியதாக இருக்கிறது.

விழித்தெழுந்தபோது கை பாரமாக இருந்தது. பெருவிரலும் சுட்டுவிரலும் ஒன்றையொன்று தொட ஒன்பது நாள் எடுத்தது. தினமும் மாலையில் பயறும் பொத்தானும் கலந்து கொட்டி என்னைப் பொறுக்கவைத்த உடற்பயிற்சித் தங்கச்சிக்கும், இரவில் இரண்டு மணிக்கு என் விரலைப் பிடித்து “தள்ளுங்கள் பார்ப்போம்” என்று சோதித்த தாதிகளுக்கும் நன்றி.

கடை முதலாளி அம்மா என் இடத்துக்கு வேறு ஆளை வைக்கவில்லை. என் மெசினுக்கு மேலே ஒரு துணியைப் போட்டு மூடி வைத்திருந்தார். மாடியில் இருக்கும் துருக்கிக்கார அக்கா, என் மகளை ஆறு வாரம் பாடசாலைக்குக் கூட்டிப்போனவர், நான் நன்றி சொன்னால் கோபிப்பார், ஆகவே இங்கே எழுதுகிறேன். மச்சாள், நீங்கள் வேலைக்கு லீவு போட்டு என் தலைமாட்டில் இருந்தீர்கள். கோயிலில் எங்கள் பெயருக்கு அர்ச்சனை செய்வித்தவர்கள் யார் யார் என்று ஐயரிடம் கேட்டேன், அவர் சொல்லவில்லை. உங்களுக்கும்.

சாப்பாடு கொண்டுவந்த எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். உங்களுடைய பதினேழு பெட்டிகள் கழுவித் துடைத்து என் சமையலறையில் இருக்கின்றன. மூடியில் பெயர் இல்லாததால் எது யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வீட்டில் இருப்பேன். வந்து எடுத்துக்கொண்டு, ஒரு தேத்தண்ணீரும் குடித்துவிட்டுப் போங்கள். கிழிந்தது, பொத்தான் கழன்றது ஏதும் இருந்தால் கையோடு கொண்டுவாருங்கள்.