குளிரில் சிக்னலை நிறுத்தும் பனிச்சரிவு பீக்கன்: இரண்டு முறை அனுப்பியும் தீராத குறை பற்றிய புகார்

பெறுநர்:
தலைமை மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: பனிச்சரிவு பீக்கன் கடுங்குளிரில் சிக்னல் அனுப்பாமல் விட்டுவிடுவது, "குறை இல்லை" என்று இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்டது, குளிரில் வைத்துச் சோதித்த அறிக்கையும் மாற்றுக் கருவியும் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

உங்களிடம் வாங்கிய பீக்கன், அதாவது பனிச்சரிவில் புதைந்தவரை மற்றவர்கள் கண்டுபிடிப்பதற்காக மார்பில் அணியும் சிக்னல் கருவி, இரண்டாவது முறையாகப் பழுதுபார்ப்புப் பிரிவிலிருந்து திரும்பி வந்திருக்கிறது. கூடவே வந்த தாளில் ஒரே வரி: "சோதித்துப் பார்த்தோம், குறை ஏதும் காணப்படவில்லை." போன முறை வந்ததும் இதே வரிதான். எந்த வெப்பநிலையில் சோதித்தார்கள், எவ்வளவு நேரம் சோதித்தார்கள், எதை அளந்தார்கள் என்று ஒரு சொல்கூட இல்லை. இது குளிரில் மட்டும் வருகிற குறை என்று இரண்டு தடவையும் படிவத்தில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன். அதை யாராவது படித்தார்களா என்பதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. அதனால்தான் இந்த முறை நேராக உங்களுக்கே எழுதுகிறேன்.

வாரக் கடைசி வந்துவிட்டால் நானும் என் நண்பர்களும் மலையில்தான் இருப்போம். கோடையில் பாறை ஏறுவோம். குளிர்காலம் வந்ததும் ஸ்கீயின் அடியில், ஏறும்போது பின்னால் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும் ஸ்கின் என்ற பட்டையை ஒட்டிக்கொண்டு, லிஃப்ட் எதுவும் இல்லாத சரிவுகளில் சொந்தக் காலால் ஏறி, புதுப் பனியில் சறுக்கி இறங்குவோம். வசந்த காலத்தில் ஏற்றமும் சறுக்கலும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். விடிவதற்கு முன்பே ஹெட்லாம்ப் போட்டுக் கிளம்பி, இரவில் இறுகிய பனியில் பூட்ஸுக்குக் கிராம்பான் என்ற முள் சட்டத்தை மாட்டி மேலே போய், வெயிலில் மேல் அடுக்கு லேசாக இளகியதும் ஸ்கீயில் இறங்கிவிட வேண்டும். தாமதித்தால் சரிவு முழுக்க ஈரப் பனியாகி நழுவ ஆரம்பிக்கும். முதல் பனி விழுந்த நாளிலிருந்து வசந்தத்தின் கடைசி இறக்கம் வரை பீக்கன் எங்கள் மார்பை விட்டு இறங்குவதில்லை.

குறையை முதலில் கவனித்தது குளிர்காலத் தொடக்கத்தில். ஒவ்வொரு பயணத்தின் போதும் கிளம்புமிடத்திலேயே ஒருவர் கருவியை இன்னொருவர் சோதிப்பது எங்கள் வழக்கம். ஒருவர் முன்னால் போய், தன் பீக்கனை மற்றவற்றின் சிக்னலைப் பிடிக்கும் தேடும் நிலையில் வைத்து நிற்பார். மற்றவர்கள் அனுப்பும் நிலையில் இடைவெளி விட்டு ஒவ்வொருவராக அவரைக் கடந்து போவார்கள். அன்றைக்கு எல்லோரும் சரியாகக் கடந்தார்கள், என் கருவியும் உட்பட. அப்போதுதான் காரை விட்டு இறங்கியிருந்தோம், கருவியில் காரின் கதகதப்பு இருந்தது. மதியம் ஒரு சமதளத்தில் தேடல் பயிற்சிக்காக என் பீக்கனை ஒரு பைக்குள் வைத்துப் பனியில் புதைத்தோம். தோழி தன் கருவியோடு விலகி நடந்தாள். திரையில் தூரத்தைக் காட்டும் எண் 4, 7, 12 என்று ஏறியது. அப்புறம் எண் போய் வெறும் கோடு. நின்றாள், காத்திருந்தாள். சில நொடிகள் கழித்து மறுபடி 12. திரும்பி நெருங்கி வந்தபோதும் அதே கதை: எண் வரும், போகும், வரும். என் கருவியை எடுத்துவிட்டு அதே குழியில் இன்னொரு நண்பரின் கருவியை வைத்தோம். ஒரு தடவைகூட அறுபடவில்லை. என்னுடையதை ஜாக்கெட்டுக்குள் வைத்துச் சூடேற்றிவிட்டுத் திரும்பப் புதைத்தால் ஒழுங்காக வேலை செய்தது. பனியிலேயே கிடந்து ஆறியதும் மறுபடி அறுபட்டது.

இதில் என்னைக் கலங்க வைப்பது ஒன்றுதான். இவ்வளவு நடந்தும் என் கருவியின் பச்சை விளக்கு வழக்கம்போல மினுக்கிக்கொண்டே இருந்தது. பேட்டரி அளவு நிறைவாகக் காட்டியது. ஆன் செய்ததும் அது தன்னைத் தானே சோதித்துக்கொள்வதிலும் தேறியது. அணிந்திருப்பவருக்குத் தெரிய வழியே இல்லை. தேடுகிறவருக்குத்தான் தெரியும், அதுவும் அணிந்தவர் பனிக்கு அடியில் போன பிறகு.

உங்கள் நிறுவனத்துக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் சேவைப் பிரிவு இதைச் சாதாரண எலக்ட்ரானிக்ஸ் பழுது போல நடத்துவதால் சொல்கிறேன். பனிச்சரிவில் முழுதாகப் புதைந்தவரை முதல் 10 நிமிடத்துக்குள் வெளியே எடுத்துவிட்டால் சுமார் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரம் ஆகிவிட்டால் அது ஏறக்குறைய மூன்றில் ஒருவர் என்று சரிந்துவிடுகிறது. அந்தப் பத்து நிமிடத்துக்குள் சிக்னலைப் பிடித்து, அருகில் போய், பனி மட்டத்தில் கருவியைக் குறுக்கும் நெடுக்கும் நகர்த்தி, புரோப் என்ற நீளக் கம்பியைக் குத்திப் பார்த்து, ஷவலால் தோண்டி முகத்தைத் திறக்க வேண்டும். பெரும்பாலான நேரம் தோண்டுவதற்கே போய்விடும். தேடலில் மிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு நொடியும் தோண்டுகிற கைகளுக்குத்தான்.

பீக்கன்கள் எல்லாம் 457 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், ஏறக்குறைய நொடிக்கு ஒரு துடிப்பாகச் சிக்னல் அனுப்புகின்றன. எந்த நிறுவனத்தின் கருவியை எந்த நிறுவனத்தின் கருவி தேடினாலும் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காகத்தான் ஈஎன் 300 718 என்ற பொதுத் தரநிலையே இருக்கிறது. அதிர்வெண் விலகல் கூடிப் போனால் 80 ஹெர்ட்ஸ் வரைதான் அதில் அனுமதி. அப்படியிருக்க, பத்துப் பதினைந்து நொடிக்குத் துடிப்பே இல்லாமல் போனால் என்ன ஆகும்? தேடுகிறவர் சரிவில் ஓட்டமும் நடையுமாக இறங்கிக்கொண்டிருப்பார். அந்த இடைவெளியில் என்னைத் தாண்டியே போய்விடலாம். ஒன்றுக்கு மேற்பட்டவர் புதைந்திருந்தால் தேடும் கருவி என்னை விட்டுவிட்டு அடுத்தவரின் சிக்னலைப் பிடித்துக்கொள்ளலாம்.

இப்போது உங்கள் பிரிவு சொன்ன காரணங்களுக்கு வருகிறேன்.

முதல் தடவை, மொபைல் போன் குறுக்கீடாக இருக்கும் என்றார்கள். அனுப்பும் நிலையில் 20 சென்டிமீட்டர், தேடும் நிலையில் 50 சென்டிமீட்டர் தூரத்துக்குள் எலக்ட்ரானிக் பொருள் இருக்கக் கூடாது என்பது எங்களுக்கும் தெரியும். பயிற்சியின்போது எல்லோருடைய போன்களும் அணைக்கப்பட்டு, தள்ளி வைத்த முதுகுப்பைகளில் இருந்தன. தவிர, அதே குழியில் வைத்த இன்னொரு கருவிக்கு இல்லாத குறுக்கீடு என்னுடையதுக்கு மட்டும் எப்படி வரும்? அப்புறம் பேட்டரியைச் சொன்னார்கள். கையேட்டில் குறிப்பிட்ட வகை ஆல்கலைன் பேட்டரிதான், அதுவும் புதியது. கோடையில் கழற்றித்தான் வைக்கிறேன், அரிப்பு எதுவும் இல்லை. தொலைபேசியில் பேசியவர், "மேடம், இங்கே நல்லாத்தான் வேலை செய்யுது" என்றார். இங்கே என்றால் எங்கே என்று கேட்டேன். "ஆபீஸ்ல" என்றார். அந்த ஆபீஸில் பனி பெய்யாது. குளிரில் வருகிற குறையை ஆபீஸ் மேசையில் வைத்துத் தேடினால் கிடைக்கவே கிடைக்காது, இன்னும் எத்தனை தடவை அனுப்பினாலும்.

வசந்தத்தில் ஒரு விடியற்காலைப் புறப்பாட்டில், உங்களிடமிருந்து "சரியாகி" வந்த அதே கருவி, கிளம்புமிடத்துச் சோதனையிலேயே சிக்னலை விட்டது. முந்தின இரவு குளிரில் கூடாரத்தில் கழிந்திருந்தது. குழுவில் ஒருவரிடம் வேலை செய்யாத பீக்கன் இருந்தால் அவர் சரிவுக்குள் வரக் கூடாது என்பது எங்களுக்குள் தளர்த்தாத விதி. நான் அடிவாரத்திலேயே தங்கிவிட்டேன். என்னைத் தனியாக விட மனமில்லாமல் இன்னொருவரும் தங்கினார். அதற்குப் பிறகு, யார் வரவில்லையோ அவருடைய கருவியை இரவல் வாங்கித்தான் போய் வந்தேன்.

இரண்டாவது தடவை உங்களுக்கு அனுப்பும் முன் வீட்டிலேயே சரிபார்த்தேன். ஃப்ரீசர் −18 டிகிரி. உங்கள் கையேடு இந்தக் கருவி −20 டிகிரி வரை இயங்கும் என்கிறது, ஆகவே வரம்புக்குள்தான். என் கருவியையும், வேறொரு வருடம் வாங்கிய நண்பரின் இதே மாடலையும் இரவு முழுக்க உள்ளே வைத்தேன். காலையில் எடுத்தவுடன் என் கருவியிலிருந்த பேட்டரிகளையே இரண்டிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். நண்பருடையது தடையில்லாமல் அனுப்பியது. என்னுடையது விட்டு விட்டு அனுப்பியது. வீடியோவும் எடுத்து இணைத்திருந்தேன். "வீடியோ இணைப்புகளைத் திறக்க எங்களுக்கு வசதியில்லை" என்று பதில் வந்தது. ஆன்டெனா இணைப்பிலோ பற்றவைப்பிலோ, குளிரில் சுருங்கும்போது விலகுகிற விரிசல் ஏதாவது இருக்கும் என்பது என் ஊகம். அதைத் திறந்து பார்த்துச் சொல்ல வேண்டியது நீங்கள்.

ஒன்றை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும், உங்கள் நிறுவனத்துக்கு இது தெரியாத வேலை இல்லை. கோடை ஏற்றத்துக்கு நான் பயன்படுத்தும் கயிறும் உங்களுடையதுதான். அதோடு வந்த தாளை இன்னும் வைத்திருக்கிறேன். 80 கிலோ எடையோடு எத்தனை விழுகைகளைத் தாங்கியது (தரநிலை கேட்பது குறைந்தது 5), முதல் விழுகையில் இழுவிசை எவ்வளவு (12 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது), உறை எவ்வளவு நழுவுகிறது என்று எல்லாம் அச்சிட்டிருக்கிறது. அதைப் படித்துவிட்டுத்தான் நம்பிக்கையோடு அந்தக் கயிற்றில் தொங்குகிறேன். கயிற்றுக்கு இவ்வளவு எண்கள் தருகிற நிறுவனம், பழுதுபார்த்து அனுப்பும் பீக்கனுக்கு ஒரே ஒரு எண்ணைக்கூடத் தராதது எனக்குப் புரியவே இல்லை.

கடைசியாக, அடுத்த கொள்முதலுக்கு என்று ஒரு தள்ளுபடிக் கூப்பன் அனுப்பியிருந்தீர்கள். இந்தக் கடிதத்தோடு அதைத் திருப்பி அனுப்புகிறேன். இந்தக் கருவியை நான் யாருக்கும் விற்க முடியாது, இரவலும் தர முடியாது, தூக்கியும் போட முடியாது, யார் கையிலாவது கிடைத்து அவர் அதை நம்பிவிட்டால்? கூப்பன் இதற்குத் தீர்வு ஆகாது.

நான் கேட்பது இவைதான். இந்தக் கருவியைக் குறைந்தது −10 டிகிரியில் ஓர் இரவு வைத்து, குளிர் மாறாமலே அதன் அதிர்வெண், துடிப்பின் இடைவெளி, சிக்னல் வலிமை மூன்றையும் பல மணி நேரம் தொடர்ந்து பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவை, செய்தவரின் கையெழுத்தோடு எனக்கு அனுப்புங்கள். சோதனை முடியும் வரை காத்திருக்க வைக்காமல், அதே முறையில் சோதித்த மாற்றுக் கருவி ஒன்றை உடனே கொடுங்கள். என் கருவியின் வரிசை எண்ணை ஒட்டித் தயாரான மற்றவற்றிலும் இதே குறை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அவற்றை வாங்கியவர்களுக்குப் பனி விழும் முன் தெரிவியுங்கள். எனக்குக் கருவி மாற்றித் தருவதைவிட இது முக்கியம். நாங்கள் பயிற்சி செய்ததால் கண்டுபிடித்தோம். எல்லாக் குழுக்களுக்கும் அந்த வாய்ப்பு அமைந்திருக்கும் என்று சொல்ல முடியாது. அப்படியே உங்கள் பழுதுபார்ப்புப் படிவத்தில் "குறை எந்த வெப்பநிலையில் வருகிறது" என்று ஒரு கட்டம் சேர்த்துவிடுங்கள். இப்போது அதில் நிறத்துக்குக்கூடக் கட்டம் இருக்கிறது, இதற்கு இல்லை.

உயரமான முகடுகளில் இப்போதே காலையில் உறைபனி படிகிறது. இன்னும் சில வாரங்களில் சரிவுகள் வெளுத்துவிடும். இந்தக் கடிதம் கிடைத்த 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால், வீடியோ, படிவங்களின் நகல், உங்கள் இரண்டு பதில்கள் எல்லாவற்றையும் சேர்த்து நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பிடமும், இந்தத் தரநிலையைக் கண்காணிக்கும் அதிகாரிகளிடமும் கொடுப்பேன்.

கருவி என்னிடம்தான் இருக்கிறது, பேட்டரி கழற்றி, "பயன்படுத்தாதீர்கள்" என்று எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன். அதை யாருக்கு, எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும், குளிரில் சோதிக்கப் போகிறவர் யார் என்று தெரிவித்தால் அன்றைக்கே அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: வாங்கிய ரசீதின் நகல், இரண்டு பழுதுபார்ப்புப் படிவங்களின் நகல், ஃப்ரீசர் சோதனை வீடியோ, தள்ளுபடிக் கூப்பன்