டிக்கி இருக்கிற வண்டி

கடலூர் முதுநகர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நியூ ரீனோவில் காரை நிறுத்திவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்த் திரும்பினால் காரைக் காணவில்லை என்றும், கிடைத்தால் எந்த மேம்பாட்டை முதலில் செய்வது என்றும் நீ ராத்திரி அனுப்பிய செய்தியைக் காலையில்தான் பார்த்தேன். பதறாதே. உன் கவனக்குறைவு எதுவும் இல்லை. ஃபால்அவுட் 2 என்ற அந்தக் கணினி விளையாட்டை விளையாடுகிற எல்லாருக்கும் அந்த ஊரில் அதுதான் நடக்கும். விளையாட்டை எழுதியவர்கள் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். ஊரை நான்கு குடும்பங்கள் பங்கு போட்டு ஆள்கின்றன. அங்கே யாரிடம் போய்ப் புகார் கொடுப்பாய்?

வண்டி டி-ரே என்பவனுடைய பட்டறையில் இருக்கிறது. திருட்டு வண்டிகளைப் பிரித்து விற்பதுதான் அவன் தொழில். தெருவில் ஜூல்ஸ் என்று ஒருவன் திரிவான், அவனிடம் பேச்சுக் கொடுத்தால் வழி தெரியும். உள்ளே போனதும் துப்பாக்கியை எடுத்துவிடாதே. உன் சுபாவம் எனக்குத் தெரியும் என்பதால் இதை இரண்டு தடவை சொல்கிறேன்: எடுத்துவிடாதே. திருடியவன் என்றாலும் அந்த நாட்டில் ஹைவேமேன் என்ற உன் காருக்குக் கூடுதல் வேலை செய்து தரத் தெரிந்த கை அவனுடையது. பேசிப் பார், இல்லையென்றால் காசு கொடுத்து மீட்டுக்கொள். வண்டி கைக்கு வந்த பிறகு அவனிடமே வேலையும் கொடு. திருடனிடம் வேலை கொடுப்பதா என்று உனக்குக் கோபம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் அணுப்போரில் உலகம் அழிந்து போன பிறகு மெக்கானிக்கைத் தேர்ந்தெடுக்கிற வசதி யாருக்கும் இல்லை.

இதையெல்லாம் போனில் சொல்லியிருப்பேன். நீ பேசுகிற நேரமெல்லாம் புணேயின் போக்குவரத்து நெரிசலில் இருக்கிறாய், பாதி வார்த்தை ஹார்ன் சத்தத்தில் போய்விடுகிறது. எழுதினால் நீ விளையாட்டின் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படிக்கலாம்.

நீ விட்டுப்போன பழைய மடிக்கணினியில் இந்த விளையாட்டு இருந்ததால்தான் எனக்கு இது பழக்கமானது. மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு வரை நம் உதிரிபாகக் கடைக்கு ஈகூட வராது. 1998இல் வந்த விளையாட்டு என்பதால் கணினிக்கும் பாரமில்லை. துப்பாக்கிச் சண்டையில் எனக்கு ஆர்வம் கிடையாது. ஆனால் அந்தக் காரைக் கண்டதும் விட முடியவில்லை, ஏனென்றால் அதை வைத்துக்கொள்வது முழுக்க முழுக்க ஸ்டாக் பார்க்கிற வேலை. நான் பல வருடமாகச் செய்வதும் அதைத்தானே.

எரிபொருளிலிருந்து ஆரம்பிக்கிறேன். அந்த வண்டி பெட்ரோலில் ஓடுவதில்லை. ஸ்மால் எனர்ஜி செல், மைக்ரோ ஃப்யூஷன் செல் என்ற இரண்டில் எதை வேண்டுமானாலும் போடலாம். சிக்கல் என்னவென்றால், லேசர் துப்பாக்கிக்கும் பிளாஸ்மா துப்பாக்கிக்கும் தோட்டாவாகப் போவதும் அதே செல்கள்தான். ஆக, நீ சுடுகிற ஒவ்வொரு குண்டும் ஓடாமல் போன தூரம். விளையாட்டை எழுதியவர்களில் ஒருவர் கட்டாயம் கடை வைத்திருந்தவராக இருக்க வேண்டும், அவ்வளவு நேர்த்தியான கணக்கு. என் யோசனை: சாதாரணத் துப்பாக்கியோடு நில், செல்களை வண்டிக்கு ஒதுக்கு. லேசர் ஆயுதம் கிடைத்தால் விற்றுவிடு. கடைசிக் கட்டத்தில் பெரிய ஆயுதம் தேவைப்படும்போது அந்தக் கணக்கை மறுபடி பார்த்துக்கொள்ளலாம்.

செல் தீர்ந்துவிட்டால் வண்டி வெட்டவெளியில் நின்றுவிடும். நீ நடந்து போய் எங்கிருந்தாவது செல் கொண்டுவந்து போட வேண்டும். அதனால் போகிற தூரத்துக்கு மட்டும் போதுமென்று கணக்குப் போட்டுக் கிளம்பாதே. திரும்பி வருவதற்கும் சேர்த்துப் போட்டுக்கொள். அப்பா பெட்ரோல் போடுகிற வழக்கம் உனக்குத் தெரியுமே. புதுச்சேரிப் பக்கம் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு என்று ஊரே முள்ளோடை தாண்டிப் போய்ப் போட்டுக்கொண்டு வருகிறது. அவரும் போடுவார், ஆனால் இங்கிருந்து கிளம்பும்போது முள் பாதிக்குக் கீழே இருந்தால் இங்கேயே கொஞ்சம் போட்டுக்கொண்டுதான் போவார். மிச்சமாகும் காசை நம்பி நடுவழியில் நிற்கக் கூடாது என்பார்.

எரிபொருள்தான் நாணயம் என்பதை நம் ஊர் ஒரு தடவை கண்ணால் பார்த்திருக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தபோது நீ சின்னப் பிள்ளை. மரம் விழுந்ததும் ஓடு பறந்ததும் உனக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு வந்த நாட்கள் நினைவிருக்குமா தெரியவில்லை. மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. ஜெனரேட்டரும் டீசலும் வைத்திருந்தவரைத் தேடி ஊர் போனது. மாடித் தொட்டியில் தண்ணீர் ஏற்ற, செல்பேசிக்கு உயிர் கொடுக்க என்று மணிக் கணக்கில் வாடகை பேசினார்கள். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்தன, அதை அறுக்க வாள் இயந்திரத்துக்கும் எரிபொருள்தான் கேட்டார்கள். நான் அந்த விளையாட்டில் செல் எண்ணும்போதெல்லாம் நம் கடை வாசலில் கேனோடு நின்றவர்கள்தான் கண்முன் வருகிறார்கள்.

இனி டிக்கி. எல்லாரும் அந்தக் காரை வேகத்துக்காகக் கொண்டாடுகிறார்கள். வேகம் உண்மைதான், நடந்தால் நாட்கணக்காகும் தூரத்தை அது விழுங்கிவிடுகிறது. ஆனால் அதன் நிஜமான மதிப்பு டிக்கியில். கார் வருவதற்கு முன் நீ எப்படி விளையாடினாய் என்று யோசித்துப் பார். கிளாமத்தில் கடனை அடைத்துக் கூட்டிவந்த சுலிக் மேல் பாதிச் சுமையை ஏற்றுவாய், மீதியை நீ தூக்குவாய், ஒரு துப்பாக்கி கூடினால் இன்னொன்றைக் கீழே போட்டுவிட்டு வருவாய். சண்டையில் ஜெயித்த பொருளில் பாதி மண்ணில் கிடக்கும். டிக்கி வந்த பிறகு எதையும் கீழே போட வேண்டியதில்லை, எந்த ஊரில் நல்ல விலையோ அங்கே இறக்கலாம். வியாபாரம் என்றால் அதுதானே.

டிக்கிக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதில் நான் கொஞ்சம் கறார். செல்கள் அங்கேதான் இருக்க வேண்டும், உன் பையில் வேண்டாம். விற்க வேண்டிய ஆயுதங்கள் அடுத்து. மருந்தை மட்டும் டிக்கியில் பூட்டாதே. ஸ்டிம்பேக் தேவைப்படும்போது கார் அடுத்த தெருவில் நிற்கும். இப்போதைக்கு உபயோகம் தெரியாத விசித்திரப் பொருட்கள் சில கைக்கு வரும், அவற்றை அவசரப்பட்டு விற்காமல் டிக்கியின் ஒரு மூலையில் போட்டு வை. கெக்கோ ஊரில் ஸ்கீட்டர் என்பவனுக்குக் கருவிப்பெட்டி தேவைப்பட்டது நினைவிருக்கிறதா? அது கிடைத்ததும்தான் வண்டியை ஓட வைக்கிற கன்ட்ரோலர் நம் கைக்கு வந்தது. அந்த மாதிரி கேட்க இன்னும் ஆள் வருவார்கள்.

ஒரு எச்சரிக்கை. அந்த டிக்கியில் புகழ்பெற்ற கோளாறு ஒன்று உண்டு. காரும் டிக்கியும் தனித்தனிப் பொருள்களாக எழுதப்பட்டதால் சில சமயம் கார் மறைந்துவிடும், டிக்கி மட்டும் அந்தரத்தில் நிற்கும். சிரிக்காதே, உள்ளே நம் சொத்து இருக்கும். ரசிகர்கள் உருவாக்கி வெளியிட்ட திருத்தங்கள் பல கோளாறுகளைச் சரிசெய்கின்றன. உன் கணினியில் அவை இல்லையென்றால் அடுத்த தடவை முதலிலிருந்து தொடங்கும்போது போட்டுக்கொள். இப்போதைக்கு, ஊரை விட்டுக் கிளம்பும் முன் புதிய இடத்தில் விளையாட்டைச் சேமித்து வை. ஒரே இடத்தில் மேலே மேலே சேமிப்பது வேண்டாம்.

மேம்பாட்டுக்கு வருகிறேன். நீ கேட்ட கேள்வியே இதுதான், நான் சுற்றி வந்துவிட்டேன். ஃபியூவல் செல் ரெகுலேட்டர் கையில் கிடைத்தால் அதை முதலில் மாட்டு. டென் ஊரில் உனக்கு 2,000 டாலருக்கு வண்டியைக் கொடுத்த அதே ஸ்மிட்டி மாட்டித் தருவான். எரிபொருள் செலவு நன்றாகக் குறையும், குறைந்த செலவு ஒவ்வொரு பயணத்திலும் திரும்பத் திரும்பக் கிடைக்கிற வருமானம். அதற்கு அடுத்தது டிக்கியில் இடத்தைக் கூட்டுவது. வேகத்துக்கான வேலை கடைசி. கிராமத்துக்குப் பஞ்சம், நிலத்தைச் செழிக்க வைக்கும் ஜெக் என்ற பெட்டியைத் தேடிக் கொண்டுபோக வேண்டும் என்று கதை அவசரப்படுத்தினாலும் உனக்கு நேரம் நிறைய இருக்கிறது. முதல் பாகத்தில் தண்ணீரைச் சுத்திகரிக்கும் கருவியின் சில்லைத் தேட 150 நாள் கெடு வைத்துக் கழுத்தைப் பிடித்தது போல இதில் இல்லை.

அப்பா ஒரு நாள் பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. "போர் நடந்தது எப்போது?" என்றார். 2077 என்றேன். "இப்போது என்ன வருஷம்?" 2241. "164 வருஷம் நின்ற வண்டி ஒரு கன்ட்ரோலர் மாட்டியதும் ஓடுகிறதா? டயர்? பிரேக் ஆயில்? ரப்பர் புஷ்?" மற்றதெல்லாம் ஸ்மிட்டி முன்பே பார்த்து வைத்திருப்பான் என்றேன். "அவனுக்கு ரப்பர் எங்கே கிடைத்தது என்று கேட்டுச் சொல், நமக்கும் வாங்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். நம் உப்புக்காற்றில் ஒரு மழைக்காலம் நின்ற வண்டிக்கே சைலன்சர் உதிர்கிறது. பாலைவனம் என்பதால் தப்பித்தது என்று வைத்துக்கொள்வோம்.

நீ முன்பு விளையாடிய வேஸ்ட்லேண்ட் 3 விளையாட்டில் வருகிற கோடியாக் வண்டியோடு இதை ஒப்பிடாதே. இரண்டுக்கும் தொப்புள்கொடி உண்டு: 1988இல் வந்த முதல் வேஸ்ட்லேண்டை உருவாக்கிய இன்டர்பிளே நிறுவனம்தான் ஃபால்அவுட்டை வெளியிட்டது, அந்த நிறுவனத்தைத் தொடங்கிய பிரையன் ஃபார்கோதான் பிறகு இன்எக்ஸைல் நிறுவனத்தை ஆரம்பித்து 2020இல் கோடியாக்கை ஓட விட்டார். ஆனால் கோடியாக் உன்னோடு சேர்ந்து சண்டை போடும். கதிர்வீச்சுத் தடுப்பைக் கூட்டினால்தான் சில இடங்களுக்குள்ளேயே நுழைய முடியும். அங்கே மேம்பாடு என்பது வழி திறக்கிற சாவி, ஆகவே நீ செலவழிக்கத் தயங்கக் கூடாது. ஹைவேமேன் எந்தக் கதவையும் திறப்பதில்லை. அது இல்லாமலும் நடந்தே கதையை முடித்துவிடலாம். அதனால்தான் அதற்குச் செலவழிக்கும் முன் யோசிக்கச் சொல்கிறேன்.

நிஜ வண்டி விஷயத்தையும் இதிலேயே எழுதிவிடுகிறேன். அரியாங்குப்பத்து மாமா தன் காரை உனக்கே தருவதாகச் சொல்லிவிட்டார். அலாய் வீலும் பெரிய ஸ்பீக்கரும் போடப் போவதாக அவரிடம் சொன்னாயாமே. அவர் எனக்கு உடனே போன் செய்துவிட்டார். முதலில் டயரைப் பார். பக்கவாட்டில் நான்கு இலக்கம் தனியாக அச்சிட்டிருக்கும். முதல் இரண்டு எந்த வாரம், அடுத்த இரண்டு எந்த வருஷம் தயாரானது என்று சொல்லும். பட்டன் தேயாமல் இருந்தாலும் வருஷம் பழையதென்றால் மாற்றிவிடு. பேட்டரியை அப்பா சோதித்துவிடுவார். அடிப்பகுதியில் துரு எவ்வளவு என்று மேடையில் ஏற்றிப் பார்த்துத்தான் அனுப்புவார், கடற்கரை வண்டிக்கு அது கட்டாயம்.

அது புதுச்சேரியில் பதிவான பி.ஒய் 01 எண் வண்டி. மகாராஷ்டிராவில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருப்பதென்றால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும், அங்கத்திய வரியையும் கட்ட வேண்டும். அதற்குப் புதுச்சேரிப் போக்குவரத்து அலுவலகத்தில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், படிவம் 28. மாமாவுக்கு வங்கிக் கடன் முடிந்துவிட்டதால் வங்கியிடம் ஒப்புதல் கேட்கும் தொல்லை இல்லை. பெயர் மாற்றத்துக்கு உன் கையெழுத்தும் அங்கத்திய முகவரிச் சான்றும் தேவைப்படும், நகல் அனுப்பு. வரி எவ்வளவு வரும் என்று அங்கே விசாரித்துவிட்டுச் சொல். மாமா கேட்கிற விலையோடு அதையும் கூட்டிப் பார்த்த பிறகுதான் இது லாபமா என்று முடிவு செய்ய முடியும். அவர் என் தம்பி என்பதற்காக நீ தாட்சண்யம் பார்க்க வேண்டியதில்லை.

டி-ரேவிடமிருந்து வண்டியை மீட்டதும் டிக்கியில் எத்தனை செல் இருக்கிறது, ரெகுலேட்டர் கிடைத்ததா என்று எழுது. சான் பிரான்சிஸ்கோ தென்மேற்கில் வெகு தூரம். செல் குறைவென்றால் நேராக அங்கே கிளம்பாதே, என்னைக் கேட்டுக்கொண்டு போ.

அன்புடன்,
அம்மா