மேலத்தெரு அப்பாயிக்கும் மற்றவர்களுக்கும்

நேற்றுக் காலை மணி அடித்ததும் 41 பிள்ளைகளும் நம் பள்ளியின் புதுக் கட்டடத்துக்குள் ஓடினார்கள். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன், கால் நகரவில்லை. பள்ளிக்கென்று கட்டடம் இல்லாமல் இந்த ஓராண்டாக நாம் பட்டது ஊருக்கே தெரியும். அதைத் திரும்ப எழுத மனமில்லை.

முதல் நன்றி மேலத்தெரு அப்பாயிக்கு.

உட்கார இடமில்லாமல் நாங்கள் நின்ற அன்று, யாரும் கேட்காமலே தன் திண்ணையைக் கழுவிக் கோலம் போட்டு வைத்தவர். "வெயில் ஏறுறதுக்குள்ள பிள்ளைகள உக்கார வைங்க டீச்சரம்மா" என்றார். ஒன்றாம் வகுப்பு எட்டு மாதம் அங்கேதான் நடந்தது. ஆனால் நான் சொல்ல வந்தது திண்ணையை அல்ல.

சுவர் மூன்றடி எழுந்திருந்த ஒரு நாள், மோர்ச் சொம்போடு அங்கே வந்தார். ஜன்னலுக்கு விட்டிருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியைக் கூப்பிட்டு, அதன் கீழே சம்மணம் போட்டு உட்கார வைத்தார். அவள் கண்ணுக்கு நேரே சுவரில் ஓட்டுத் துண்டால் ஒரு கோடு கிழித்தார். "என் திண்ணையில உக்காந்தா வயலு தெரியும், கொக்கு தெரியும். இங்க இவளுக்கு என்ன தெரியும்?"

மூன்று மாதம் கட்டட வரைபடத்தோடு இருந்தவள் நான். காற்றுக்கு வடக்கிலும் தெற்கிலும் ஜன்னல், மேற்கு வெயிலுக்குத் தாழ்வாரம் என்று எல்லாம் யோசித்தோம். சின்ன வகுப்புகளில் பிள்ளை கைக்கு எட்டுகிற உயரத்தில் கரும்பலகை வைக்கிற எங்களுக்கு, ஜன்னலின் உயரம் மட்டும் தோன்றவில்லை. மூன்றடிக்கு மேலே நுழையும் காற்று நின்று பாடம் நடத்தும் என் முகத்தில் படும். பாயில் இருப்பவளைத் தொடாது.

கொத்தனார் அண்ணன் மறுபேச்சுப் பேசவில்லை. ஜன்னல் வரும் இடத்திலெல்லாம் சுவரை ஒன்றேகால் அடிக்கு இறக்கினார், மேல் வரிசையைப் படுக்கைக் கல்லால் மூடினார். அந்த இரண்டு நாளுக்குக் கூலியும் வாங்கவில்லை. ஒன்பது அங்குலச் சுவர். இப்போது பிள்ளைகளுக்கு அதுவே மேடை.

தஞ்சாவூரிலிருந்து வந்து பணம் வாங்காமல் வரைந்து தந்த தங்கைக்கு நன்றி. கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய, எலிப்பொறிக் கட்டு என்னும் செங்கல் அடுக்கும் முறையை எங்களுக்குக் கற்றுத் தந்தது அவர்தான். கல்லைக் குத்துவாக்கில் நிறுத்தி நடுவில் வெற்றிடம் விடுவதால் செங்கல் கால்வாசி மிச்சம், சூடும் உள்ளே குறைவாகவே இறங்கும். கூரை கான்கிரீட்டுக்குள் பதிக்கப் பழைய நாட்டு ஓடுகளைத் தூக்கி வந்த வீடுகளுக்கும், சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்பிய தம்பிகளுக்கும், மகளிர் குழு அக்காமார்களுக்கும் நன்றி.

கீற்றுக் கொட்டகை போட்டுத் தருகிறோம் என்று வந்தவர்களிடம் வேண்டாம் என்றேன். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 பிள்ளைகளை வாரிக் கொடுத்த மண் இது. கீற்றுக்கு அடியில் வகுப்பு வைக்க என்னால் முடியாது. அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை, மறுநாள் வந்து கல் சுமந்தார்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் இரண்டு கதவு வைத்திருக்கிறோம், இரண்டும் வெளிப்பக்கம் திறக்கும். நான் இங்கே இருக்கும்வரை அவற்றின் குறுக்கே ஒரு பெஞ்சுகூட நிற்காது.

கோடு விழுந்த கல்லைக் கொத்தனார் அண்ணன் பத்திரமாக எடுத்து, வாசல் ஓரம் பூசாமல் பதித்திருக்கிறார். அப்பாயி, முழங்கால் வலியென்று நீங்கள் இன்னும் வந்து பார்க்கவில்லை. வெள்ளத்துக்குப் பயந்து தளத்தை உயர்த்தினோமே தவிர, படி ஏற வேண்டியதில்லை, சாய்தளம் இருக்கிறது. நாளைக்கு ஒன்றாம் வகுப்பு மொத்தமும் உங்களைக் கூட்டிப்போக வரும். தெற்கு ஜன்னலில் உங்களுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள்.