வாக்களித்த விதமும் செய்தியாகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகப் பாராளுமன்ற உறுப்பினர்கள் தோட்டத் தொழிலாளர் வாழும் லயங்களுக்குக் கூரைத்தகரம் வழங்கும் படங்களைத் தவறாது வெளியிடும் தமிழ்ப் பத்திரிகைகள், அவர்கள் சபையில் எந்தச் சட்டமூலத்தை ஆதரித்தார்கள், எதனை எதிர்த்தார்கள், எந்த வாக்கெடுப்பின்போது சமுகமளிக்கவில்லை என்பதைச் சொல்வது அரிது. பெயர் கூறி நடத்தப்படும் வாக்கெடுப்பு, பாராளுமன்ற நடவடிக்கைப் பதிவேடான ஹன்சார்டில் பதிவாகிறது. அதனைப் புரட்டிப் பார்ப்போர்தாம் இங்கே இல்லை. 1948, 1949ஆம் ஆண்டுக் குடியுரிமை, தேர்தல் சட்டங்களால் தோட்ட மக்களில் பெரும்பாலோர் வாக்குரிமையை இழந்தமையால், 1947இல் நுவரெலியாவில் வென்ற சௌமியமூர்த்தி தொண்டமான், 1977இல்தான், மூன்று உறுப்பினர்களைக் கொண்ட நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியின் மூன்றாவது உறுப்பினராக மீண்டும் தெரிவானார். அவ்வளவு காலம் காத்திருந்து பெற்ற ஆசனங்கள் இவை. ஒவ்வோர் அமர்வு வாரத்தின் முடிவிலும் நுவரெலியா மாவட்டத்தின் 8 உறுப்பினர்களும் வாக்களித்த விவரத்தை, விளம்பரங்களுக்கு நடுவே ஒரு சிறு கட்டமாகவேனும், தங்கள் பத்திரிகை வெளியிட வேண்டும்.

வாசகர் ஒருவர்,
ஹட்டன்