படுவான்கரையில் ஒரு பிரதி

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மச்சாள்,

திருக்கோவிலுக்கு வருகிற மருமகன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். எந்த மின்னஞ்சல் நல்லது என்று நீ கேட்டாயே, அது தொலைபேசியில் சொல்லி முடிகிற விசயமல்ல. ஆடி அமாவாசைக்கு மாமாங்கத்தில் உன்னைத் தேடினேன். அப்பாவுக்குக் கடன் கழித்துவிட்டுக் குளத்தடியிலேயே வெகுநேரம் நின்றேன். உன் கால் வீக்கம் இப்போது எப்படி? எனக்கு முழங்கால் பழையபடிதான். காலையில் பாலத்தடி வரைக்கும் நடக்க முடிகிறது, அதுவே போதும்.

காணாமல்போன பிள்ளைகளைத் தேடுகிற அந்தப் பெண்கள் உன்னிடம் சொல்வதையெல்லாம் எழுதி, படமெடுத்து, ரொறன்ரோவில் இருக்கும் மகளுக்கு மின்னஞ்சலில் அனுப்புகிறாய் என்று அறிந்த நாளிலிருந்தே எனக்கு நிம்மதி இல்லை. பிள்ளையைத் தொலைத்த தாய் உன் திண்ணையில் இருந்து அழுதுகொண்டே சொன்னவை அவை. அடையாள அட்டையின் பிரதி இருக்கிறது, காணி உறுதி இருக்கிறது, யார் எப்போது வந்து கூட்டிப் போனார்கள் என்ற விவரம் இருக்கிறது. உன்னை நம்பித்தான் அவர்கள் வாய் திறந்தார்கள். நீயாகவே அந்தக் கேள்வியைக் கேட்டது எனக்குப் பெரிய ஆறுதல்.

போன வருடம் எனக்கு நடந்ததை உனக்கு முழுதாகச் சொல்லவில்லை. ஓய்வூதியக் கடிதம் ஒன்றை அச்செடுக்க ஒரு கடைக்குப் போனேன். அங்கிருந்த கணினியில் என் மின்னஞ்சலைத் திறந்தேன். பஸ் வந்துவிட்டது என்று மூடாமலே ஓடி வந்துவிட்டேன். மூன்றாம் நாள், நான் ஆஸ்பத்திரியில் இருப்பதாகவும் அவசரமாகப் பணம் வேண்டும் என்றும் சுவிஸில் இருக்கும் பெறாமகனுக்கு என் பெயரில் கடிதம் போயிருக்கிறது. அவன் அனுப்பியும் விட்டான். ஏன் நம்பினாய் என்று கேட்டால், "நீங்கள் கூப்பிடுகிற மாதிரியே செல்லத்தம்பி என்று எழுதியிருந்தது, சின்னம்மா" என்றான். யாரோ ஒருவர் உட்கார்ந்து என் பழைய கடிதங்களை ஒவ்வொன்றாகப் படித்திருக்கிறார். பணம் போனது ஆறிவிட்டது. இது ஆறவில்லை.

திறந்து போட்டுவிட்டு வந்தால் எந்தப் பூட்டும் காவாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அதற்குப் பிறகுதான் இதையெல்லாம் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

தபாற்கந்தோரில் நான் இருந்த காலத்தில் மாலைத் தபால் பையைக் கட்டியதை நீ பார்த்திருக்கிறாய். மெழுகுதிரியில் அரக்கை உருக்கி முடிச்சின்மேல் விட்டு, ஆறுவதற்குள் பித்தளை முத்திரையை அழுத்துவேன். விரல் நுனியில் ஒட்டிய அரக்கு இரவுச் சோறு வரைக்கும் போகாது. வழியில் யாரும் பையைத் தொடவில்லை என்பதற்கு அந்த முத்திரை சாட்சி. ஆனால் பை போய்ச் சேர்ந்த கந்தோரில் அதை உடைத்துத்தானே பிரிப்பார்கள்? நாம் பாவிக்கிற சாதாரண மின்னஞ்சலும் அப்படித்தான். வழியில் பூட்டு இருக்கிறது. போய்ச் சேர்ந்த இடத்தில் திறப்பு நிறுவனத்திடம் இருக்கிறது. விளம்பரத்துக்காக ஜிமெயில் கடிதங்களை அலசுவதை நிறுத்தப் போவதாக 2017இல் கூகுள் அறிவித்தது உண்மைதான். அதற்காகத் திறப்பைத் திருப்பித் தந்துவிட்டார்கள் என்று ஆகிவிடாது.

நான் தேடியது திறப்பு என்னிடமே இருக்கிற இடத்தை. கடிதம் என் தொலைபேசியிலேயே பூட்டப்பட வேண்டும், பெறுகிறவரின் தொலைபேசியில்தான் திறக்க வேண்டும். நடுவில் வைத்திருப்பவருக்கு அது வெறும் குழம்பிய எழுத்து. பில் சிம்மர்மன் என்ற அமெரிக்கர் 1991இலேயே பிஜிபி என்ற மென்பொருளை எழுதி இதற்கு வழி செய்துவிட்டார். ஆனால் அதை நம்மைப் போன்றவர்கள் பாவிப்பது பெரும் பாடு. அந்தப் பாட்டைத் தாமே எடுத்துக்கொள்கிற சேவைகள் இப்போது இருக்கின்றன. நான் பாவித்துப் பார்த்தவை இரண்டு.

ஒன்று புரோட்டன். ஜெனீவாவில் சேர்ன் என்ற இயற்பியல் ஆய்வுகூடத்தில் சந்தித்தவர்கள் 2014இல் வெளியிட்டது. மற்றது டூட்டா, ஜேர்மனியின் ஹனோவர் நகரத்தவர்களுடையது. 2023 வரைக்கும் டூட்டானோட்டா என்று பெயர். இரண்டிலும் பணம் கட்டாமல் 1 ஜிபி வரை இடம் கிடைக்கும். புரோட்டனில் ஒரு வருடமாக இருக்கிறேன், எனக்குப் பிடித்திருக்கிறது. பாவிக்கவும் அதுதான் இலகு. ஆனால் உனக்கு நான் சொல்வது டூட்டாவை.

காரணம் நீ எழுதுகிற தலைப்பு. மகளுக்கு அனுப்பிய கடிதங்களை அன்று உன் தொலைபேசியில் காட்டினாயே, ஒவ்வொன்றின் தலைப்பிலும் தாயின் பெயர், மகனின் பெயர், ஊர், திகதி. ஒழுங்காகக் கோவைப்படுத்துகிற உன் பழக்கம் அது, நல்ல பழக்கம். ஆனால் புரோட்டனில் கடிதத்தின் உள்ளடக்கம்தான் அப்படிப் பூட்டப்படுகிறது. தலைப்பை நிறுவனம் வாசிக்க முடியும். உன் விசயத்தில் பாதிக் கதை தலைப்பிலேயே இருக்கிறது. டூட்டா தலைப்பையும் சேர்த்துப் பூட்டுகிறது. யார் யாருக்கு எப்போது அனுப்பினார் என்பது மட்டும் இரண்டிலும் மறையாது. உறையின்மேல் விலாசம் இல்லாமல் எந்தத் தபாற்காரன்தான் கொண்டுபோய்க் கொடுப்பான்?

அரசாங்கம் கேட்டால் கொடுத்துவிட மாட்டார்களா என்று நீ கேட்பாய். அவர்களும் தங்கள் நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள்தான். 2021இல் பிரான்ஸ் பொலிஸார் தேடிய ஒரு காலநிலைச் செயற்பாட்டாளரின் ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் எந்த இணைப்பிலிருந்து வருகிறார் என்று காட்டும் எண்ணை, சுவிஸ் அதிகாரிகளின் உத்தரவின்பேரில் புரோட்டன் பதிவு செய்து கொடுத்தது. ஆனால் அவருடைய கடிதங்களைக் கொடுக்கவில்லை. திறப்பு இல்லாதவர் எப்படிக் கொடுப்பார்? 2020இல் கொலோன் நீதிமன்றம் ஒரு கணக்கைக் கண்காணிக்கும்படி டூட்டாவுக்கு உத்தரவிட்டது. அங்கேயும் வெளியிலிருந்து புதிதாக, பூட்டில்லாமல் வருகிற கடிதங்களைத்தான் எடுத்துக் கொடுக்க முடிந்தது. ஏற்கெனவே பூட்டியிருந்தவற்றை அவர்களாலும் திறக்க முடியாது. இதை மனதில் வைத்துக்கொள். சாதாரண மின்னஞ்சலிலிருந்து உனக்கு வருவது வந்து சேர்ந்த பிறகுதான் பூட்டப்படும்.

ஆகவே நீ மட்டும் மாறிப் பயனில்லை, மகளும் மாற வேண்டும். இரண்டு பக்கமும் டூட்டா என்றால் பூட்டு தானாகவே விழும். டூட்டாவிலிருந்து புரோட்டனுக்கு எழுதினால்கூட அப்படி விழாது. அதனால் நானும் டூட்டாவில் ஒரு கணக்குத் திறந்துவிட்டேன், உனக்கு எழுதுவதற்கென்றே. மகள் மாறும் வரைக்கும் கடிதத்துக்கு ஒரு கடவுச்சொல் போட்டு அனுப்பலாம். அந்தச் சொல்லை வாயால் சொல். இன்னொரு மின்னஞ்சலில் எழுதி அனுப்பாதே.

டூட்டாவில் குறைகளும் இருக்கின்றன. இலவசக் கணக்கை 6 மாதம் திறக்காமல் விட்டால் அழித்துவிடுவார்கள். மாதம் ஒரு முறை, பௌர்ணமியன்றாவது திறந்து பார். கணக்குத் திறந்ததும் கடிதம் அனுப்ப 48 மணித்தியாலம் வரை காக்கச் சொல்லலாம், பதற்றப்படாதே. பெரிய விசயம் வேறு. கடவுச்சொல்லை மறந்தால் அவர்களிடம் போய்க் கேட்க முடியாது, அவர்களிடம் திறப்பு இல்லையே. அதற்காகக் கணக்குத் திறக்கும்போதே, எழுத்தும் எண்ணுமாக 64 கொண்ட ஒரு மீட்புக் குறியீடு தருவார்கள். அதுவும் தொலைந்தால் அந்தப் பெண்கள் சொன்னதெல்லாம் தொலைந்த மாதிரிதான். நான் என்னுடையதைப் பழைய பதிவுத் தபால் பேரேட்டின் கடைசித் தாளில் நான்கு நான்காகப் பிரித்து எழுதி, இரண்டு முறை விரல் வைத்துச் சரிபார்த்தேன்.

கணக்கை எந்தக் கடையிலும் திறக்காதே. புதன்கிழமை பஸ் ஏறி இங்கே வா, என் வீட்டில் வைத்து உன் தொலைபேசியிலேயே திறப்போம். குறியீட்டை இரண்டு தாளில் எழுதுவோம். ஒன்றை நீ கொண்டுபோ. 2004 மார்கழியில் உன் அலுமாரியோடு காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும் கடலோடு போனது எனக்கு மறக்கவில்லை. என் வீடும் கடலுக்குப் பக்கம்தான். அதனால் மற்றத் தாளை என்னிடம் வைக்க மாட்டேன். வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், கொக்கட்டிச்சோலை அக்காவின் இரும்புப் பெட்டியில் என்னுடையது ஏற்கெனவே இருக்கிறது. உன்னுடையதையும் உறையில் போட்டு, அரக்கு வைத்து, நானே வாவி கடந்து கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறேன். பித்தளை முத்திரைதான் இப்போது என்னிடம் இல்லை. அம்மாவின் மோதிரத்தால் அழுத்திக்கொள்ளலாம்.

அன்புடன்,
உன் கல்லடி மச்சாள்