பழைய கணினியை எடைக்குப் போடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மச்சைச் சுத்தம் செய்யும்போது கீழே இறங்கும் 1980களின் வீட்டுக் கணினிகள் நம் குமரி மாவட்டத்தில் நேராக ஆக்கர் கடைக்குத்தான் போகின்றன. வளைகுடாவில் வேலை பார்த்தவர்கள் கொண்டுவந்த எம்எஸ்எக்ஸ், கமடோர் 64, புனேயின் டெசிபெல்ஸ் நிறுவனம் இந்தியாவில் விற்ற ஸ்பெக்ட்ரம், 1984-85இல் மத்திய அரசு தொடங்கிய கிளாஸ் (CLASS) என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தால் நாடு அறிந்த பிபிசி மைக்ரோ என்று எதுவானாலும் சொல்லப்படும் காரணம் ஒன்றே: "புது டிவியில் படம் வரவில்லை." அந்தக் காரணத்தை மட்டும் நம்பி இவற்றை எடைக்குப் போடக் கூடாது. படம் வராததற்குப் பல நேரங்களில் கணினி பழுதாக இருப்பதில்லை. அது அனுப்பும் சிக்னலும் புது மானிட்டர் எதிர்பார்க்கும் சிக்னலும் வேறு வேறு, அவ்வளவுதான்.

இந்தக் கணினிகள் அன்றைய டிவிக்காகச் செய்யப்பட்டவை. நொடிக்கு 15,625 கோடுகள் வரையும். விஜிஏ சாக்கெட் உள்ள கணினி மானிட்டர் ஏறக்குறைய 31,500 கோடுகளை எதிர்பார்க்கிறது. ஆகவே ஒரு முனையில் டின் (DIN) எனும் பல பின் கொண்ட வட்ட பிளக், மறுமுனையில் விஜிஏ பிளக் என்று வெறும் வயரைச் சேர்த்துத் தரும் கேபிள்களை வாங்குவது வீண். மானிட்டர் எல்லைக்கு அப்பாற்பட்ட சிக்னல் என்று காட்டும், அல்லது கறுப்பாகவே இருக்கும். நடுவில் சிக்னலை மாற்றித் தரும் ஒரு கருவி கட்டாயம் வேண்டும்.

ஆனால் படத்தைப் பற்றி யோசிக்கும் முன் பவர் சப்ளையைப் பார்க்க வேண்டும். பலரும் பல ஆண்டு கழித்து நேரே பிளக்கைச் சொருகிவிடுகிறார்கள். நல்ல நிலையில் இருந்த கணினி அந்த நிமிடத்தில்தான் கெடுகிறது. கமடோர் 64இன் பழைய பவர் சப்ளை இதில் மிக மோசம். அதற்குள் இருக்கும் ரெகுலேட்டர் கெட்டால் 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் கூடுதலாக வந்து மெமரி சிப்புகளைக் கொன்றுவிடும். கணினியில் மாட்டாமல் மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். 5.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அதைப் பயன்படுத்தவே வேண்டாம். சரியாகக் காட்டினாலும் சூடேறிய பிறகு எகிறக்கூடும் என்பதால், 5 வோல்ட் டிசியும் 9 வோல்ட் ஏசியும் தரும் புது சப்ளைதான் பாதுகாப்பு. ஸ்பெக்ட்ரமுக்கு 9 வோல்ட் அடாப்டர் என்பது சரி, ஆனால் பிளக்கின் நடுப்பகுதி நெகட்டிவ். கடையில் கிடைக்கும் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுப்பகுதி பாசிட்டிவ். பிளக் பொருந்துகிறதே என்று மாட்டினால் கணினி போய்விடும்.

பிபிசி மைக்ரோவின் பவர் சப்ளைக்குள் மெயின்ஸ் வரும் இடத்தில் ஒளி ஊடுருவும் மஞ்சள் உறை போட்ட காகிதக் கண்டென்சர்கள் இரண்டு இருக்கும்: 0.1 மைக்ரோபாரட், 0.01 மைக்ரோபாரட். உறை வெடித்து ஈரம் உள்ளே போனபின் மின்சாரம் கொடுத்தால் அறை நிறையப் புகை வரும். மழையும் கடற்காற்றும் சேர்ந்த நம் ஊரில் இவை தப்பியிருக்க வாய்ப்பு குறைவு. அதே மதிப்பில், மெயின்ஸில் போடவென்றே செய்யப்படும் எக்ஸ்2 வகை, 275 வோல்ட் ஏசி கண்டென்சர்களைப் போட வேண்டும். சாதாரணக் கண்டென்சர் போடுவது ஆபத்து. மெயின்ஸ் பக்கம் கைவைத்துப் பழகாதவர்கள் இந்த ஒரு வேலையை மட்டும் டிவி மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

குளச்சல், முட்டம், கன்னியாகுமரி போன்ற கடலோர ஊர்களில் இன்னொரு தொல்லை உப்பு. டின் சாக்கெட்டிலும் ஐசி சாக்கெட்டுகளிலும் பச்சை பூத்திருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும். சாக்கெட்டில் இருக்கும் சிப்புகளை மெதுவாகக் கிளப்பித் திரும்ப அழுத்துங்கள். செத்ததாக ஒதுக்கிய கணினி இதிலேயே எழுந்துவிடுவது உண்டு. தங்க முலாம் பூசிய இடத்தில் உப்புத்தாள் போடக் கூடாது. போட்டால் முலாம் போய், அடுத்த மழைக்காலத்துக்குள் இன்னும் மோசமாகும்.

இனி இணைப்பு. கணினியின் பின்புறம் டிவி ஆன்டெனாவுக்கான ஆர்எப் சாக்கெட் மட்டும் இருந்தால், அனலாக் டியூனர் உள்ள டிவியில் முதலில் அதையே முயலலாம். பிரிட்டிஷ் கணினிகள் யுஎச்எப் 36ஆம் சேனலில், 591.25 மெகாஹெர்ட்ஸ் அருகே அனுப்பும். தானியங்கித் தேடலை நம்ப வேண்டாம். ஸ்பெக்ட்ரம் 48, பிபிசி இரண்டின் ஆர்எப் சிக்னலிலும் ஒலி இல்லாததால் டிவி அதைத் தாண்டிப் போய்விடலாம். மேனுவல் டியூனிங்கில் மெல்ல நகர்த்திப் பிடிக்க வேண்டும். படம் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். ஆனாலும் கணினிக்கு உயிர் இருக்கிறதா என்று காசில்லாமல் தெரிந்துகொள்ளும் வழி இது.

காம்போசிட் வீடியோ (முழுப் படமும் ஒரே வயரில், டிவியின் மஞ்சள் சாக்கெட்டுக்கு வருவது) இருந்தால் அது ஒரு படி மேல். டிவியில் மஞ்சள் சாக்கெட் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். பல டிவிகளில் பச்சை நிற காம்போனென்ட் சாக்கெட்டே மஞ்சளுக்கும் சேர்த்துத்தான். இன்னும் சிலவற்றில் 3.5 மில்லிமீட்டர் ஏவி துளை இருக்கும். அதற்கான கேபிளில் வயர் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். படம் வராமல் ஸ்பீக்கரில் இரைச்சல் மட்டும் கேட்டால், வீடியோவை மஞ்சளுக்குப் பதில் சிவப்பிலோ வெள்ளையிலோ மாற்றிச் சொருகிப் பாருங்கள். பிபிசியின் பிஎன்சி என்ற காம்போசிட் சாக்கெட்டில் கறுப்பு வெள்ளைதான் வரும். அது பழுதல்ல. பிந்தைய போர்டுகளில் எஸ்39 என்ற இணைப்பைச் சேர்த்தால் நிறம் வரும், ஆனால் எழுத்தின் கூர்மை குறையும். புரோகிராம் எழுதுவதற்கு அதைத் தொடாமல் விடுவதே நல்லது.

கமடோர் 64இல் 8 பின் சாக்கெட் இருந்தால் காம்போசிட்டை விட்டுவிட்டு, ஒளியையும் நிறத்தையும் தனித்தனி வயரில் தரும் எஸ்-வீடியோ எடுங்கள்: 1ஆம் பின் லூமா (ஒளி), 2 எர்த், 6 குரோமா (நிறம்), ஒலிக்கு 3. குரோமா சிக்னல் வலுவாக இருப்பதால் அந்த வயரில் 300 அல்லது 330 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் நிறங்கள் கொப்பளித்துத் தெரியும்.

டிவியில் எச்டிஎம்ஐ மட்டுமே உள்ளவர்கள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஏவி-எச்டிஎம்ஐ மாற்றியை வாங்குகிறார்கள். வாங்கும்போது திசையைப் பாருங்கள். எச்டிஎம்ஐயிலிருந்து ஏவிக்கு மாற்றும் டப்பாவும் பார்க்க அப்படியே இருக்கும், நமக்கு அது உதவாது. சரியானதை வாங்கினாலும் இரண்டு குறைகள் உண்டு. டிவி ஒளிபரப்பு 625 கோடுகளை இரண்டு பாதிகளாகப் பிரித்து அனுப்பும். இந்தக் கணினிகளில் பெரும்பாலானவையோ ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 312 முழுக் கோடுகளை அதே இடத்தில் வரைகின்றன. மலிவான மாற்றி இதையும் பாதிப் படம் என்றே எண்ணி இரண்டை ஒட்டப் பார்க்கும். அதனால்தான் எழுத்துகள் நடுங்குகின்றன. அடுத்தது, நொடிக்கு 50 படங்களை 60 ஆக்க ஐந்தில் ஒரு படத்தை இருமுறை காட்டுவதால் நகரும் காட்சி விக்கி விக்கிப் போகும். எழுத்து வாசிக்கப் போதும், விளையாட்டுக்குச் சரிவராது.

நல்ல படம் வேண்டுமென்றால், சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனி வயரில் அனுப்பும் ஆர்ஜிபிதான். பிபிசி மைக்ரோவில் அதற்கென 6 பின் டின் சாக்கெட் இருக்கிறது: 1 சிவப்பு, 2 பச்சை, 3 நீலம், 4 சிங்க் (கோடுகளையும் படங்களையும் ஒத்திசைக்கும் சிக்னல்), 5 எர்த், 6இல் 5 வோல்ட். மல்டிமீட்டரால் முதலில் 5 வோல்ட் வரும் பின்னை உறுதி செய்துகொள்ளுங்கள். பிளக்கைப் பின்பக்கமிருந்து பார்த்து எண்ணினால் வரிசை தலைகீழாகிவிடும், அந்தப் பின் எர்த்தில் பட்டால் ஷார்ட். இந்த ஆர்ஜிபி சிக்னல் டிடிஎல் எனும் டிஜிட்டல் சிப்புகளின் அளவில், 4 வோல்ட் அருகே வரும். மாற்றிக் கருவிகள் எதிர்பார்ப்பது 75 ஓம் சுமையில் 0.7 வோல்ட். அதனால் மூன்று நிற வயரிலும் ஆளுக்கொரு ரெசிஸ்டர் வேண்டும். 330 ஓமில் தொடங்குங்கள். படம் மங்கலாக இருந்தால் 270, பிறகு 220 என்று இறங்கலாம். மூன்றிலும் ஒரே மதிப்பு இருந்தால்தான் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். சிங்க் வயரையும் 75 ஓம் உள்ளீட்டில் கொடுப்பதானால் அதில் 470 ஓம்.

அந்த வயர்களை எதில் கொடுப்பது? விலை குறைந்தது ஜிபிஎஸ்-8200 என்ற போர்டு. விஜிஏ வெளியீடு தரும். அதனுடன் வரும் மென்பொருள் சுமார்தான். இஎஸ்பி8266 என்ற சிறு போர்டைச் சேர்த்து ஜிபிஎஸ்-கண்ட்ரோல் மென்பொருளை ஏற்றினால் வேறு கருவிபோல ஆகிவிடும். ஓஎஸ்எஸ்சி என்ற மாற்றிக் கருவி கோடுகளை அப்படியே இரட்டிப்பதால் படம் திரைக்கு வரும் தாமதம் ஏறக்குறைய இல்லை, ஆனால் 50 ஹெர்ட்ஸை ஏற்கும் திரை வேண்டும். டிவிகள் பெரும்பாலும் ஏற்கும், கணினி மானிட்டர்கள் பல ஏற்காது. பிபிசிக்கு மட்டும் என்றால் ராஸ்பெரி பை ஜீரோ என்ற சிறு கணினியில் ஓடும் ஆர்ஜிபி-டு-எச்டிஎம்ஐ போர்டுக்கு இணை இல்லை. அந்தக் கணினிக்காகவே தொடங்கப்பட்ட திறந்த வடிவமைப்பு அது. டிடிஎல் சிக்னலை நேரடியாக ஏற்பதால் ரெசிஸ்டரும் தேவையில்லை, ஒவ்வொரு புள்ளியும் அச்சடித்ததுபோல் தெரியும்.

எந்த வழியானாலும் டிவியில் பட அளவை 4:3 ஆக்கி, கேம் மோடைப் போடுங்கள். பிபிசியில் படம் மேலும் கீழும் நடுங்கினால் நட்சத்திரக் குறியுடன் டிவி 0,1 என்ற கட்டளையை ஆங்கில எழுத்தில் கொடுத்து, பிறகு மோடை, அதாவது கணினியின் திரை வகையை, மாற்றுங்கள். மோடு 7க்கு மட்டும் இது பலிக்காது.

எல்லா வயரையும் மின்சாரம் துண்டித்த நிலையில்தான் மாட்ட வேண்டும். இரண்டு பின் அடாப்டரில் ஓடும் டிவியின் உலோகப் பகுதியில் கசிவு மின்னழுத்தம் இருக்கும். பிளக்கின் எர்த் தொடும் முன் நடுக்கம்பி தொட்டால் வீடியோ சிப் போகலாம். ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் டிவியிலிருந்து கேபிள், டிஷ் வயரையும் கழற்றிவிடுங்கள்.

செலவே செய்ய முடியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2006 முதல் தமிழக அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குல வண்ண டிவி வீட்டில் கிடந்தால், அதில் ஏவி சாக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள். 15,625 கோடு, 50 ஹெர்ட்ஸ் என்பது அதன் சொந்த மொழி. மாற்றியும் வேண்டாம், தாமதமும் இல்லை. அதன் பின்மூடியை மட்டும் திறக்காதீர்கள். அணைத்த பிறகும் பிக்சர் டியூபில் பல ஆயிரம் வோல்ட் தங்கியிருக்கும்.

நாகர்கோவில் கோணத்தில் அரசு பாலிடெக்னிக்கும் ஐடிஐயும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. மின்னணுப் பிரிவு மாணவர்களின் செய்முறைப் பாடத்தில் இந்த ஆர்ஜிபி கேபிளையும் பவர் சப்ளைச் சோதனையையும் சேர்க்க ஆசிரியர்கள் முன்வர வேண்டும். பழைய கணினி வைத்திருக்கும் பள்ளிகள் பதிவேட்டிலிருந்து நீக்கும் முன் ஒருமுறை அங்கே காட்டலாம். அனுப்பும்போது கேசட்டுகள், கையேடு, பவர் சப்ளை எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு அனுப்புங்கள். தனியாகப் பிரிந்துபோன பவர் சப்ளைக்கு ஈடு தேடுவது கணினியைச் சரிசெய்வதைவிடக் கடினம்.

இப்படிக்கு,
மின்னணுப் பழுதுபார்ப்பில் உள்ள வாசகர்,
தக்கலை